எழுதிய பூவும் அச்சிட்ட பூவும்: துணிக்கோலக் கலைச்சொற்களின் பெயர்ப்பு குறித்து ஒரு திறனாய்வு

1. நோக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த கலை–கைவினை இயக்கம், துணியில் அச்சிடும் பூங்கோலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனிச் சொல்வளத்தை உருவாக்கித் தந்தது. வில்லியம் மாரிஸ் (1834–1896) இவ்வியக்கத்தின் தலைமை வடிவமைப்பாளர். அதன் முதன்மைக் கட்டுரையாளரும் அவரே எனலாம். கோலம், அதன் மறுவரவு, கொடியின் ஓட்டம், பூவின் அணிப்பாடு, கைவினைஞனின் இடம் ஆகியன பற்றி அவரும் அவரைச் சார்ந்தோரும் ஆண்ட சொற்களே இன்றும் துணிக்கலை நூல்களில் வழங்குகின்றன. இந்தியத் துணிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோரும், அவ்வெழுத்தைத் தமிழில் பெயர்ப்போரும் அச்சொற்களையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

இச்சொல்வளம் மரக்கட்டை அச்சிலிருந்து பிறந்தது. அதனைக் கையால் எழுதப்படும் துணியின்மீது மாற்றமின்றி ஏற்றும்போது பொருள் திரிகிறது. பொருள் திரியும்போது மதிப்பீடும் திரிகிறது. இதனைச் சில சொற்களின் வழி நிறுவுவதும், தமிழில் கிடைக்கும் மாற்றுகளை எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

ஆய்வுக்குரிய களமாகச் சத்தியவேட்டைச் சூழ்ந்த எல்லைப்பகுதி கொள்ளப்படுகிறது. முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த சத்தியவேடு, 1960 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. இதற்குக் கிழக்கே பழவேற்காடு. வடமேற்கே ஸ்ரீகாளஹஸ்தி எனப்படும் திருக்காளத்தி. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை நிறுவிச் சோழமண்டலக் கரையின் துணிகளைக் கீழை நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்தனர். திருக்காளத்தி, கலம்காரி எனும் எழுதுதுணிக் கலைக்கு இன்றளவும் நிலைக்களனாக விளங்குகிறது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியில் ஒரு தொழிற்சொல்லை இரு மொழிகளிலும் உரசிப் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

2. எழுதுதலும் அச்சிடுதலும்

கலம்காரி என்பது பாரசீக வழிச் சொல். கலம் என்பது எழுதுகோல். காரி என்பது வேலை. தமிழில் கலம் என்பதற்கு மரக்கலம், பாத்திரம் எனும் பொருள்களே இயல்பாதலின் இச்சொல்லின் உட்பொருள் தமிழ்ச் செவிக்குப் புலப்படுவதில்லை. பொருள் புலப்படாத சொல், எதற்கும் பொருந்தும் பெயர்ச்சீட்டாக மாறிவிடுவது மொழியியலார் அறிந்ததே. இன்று மசூலிப்பட்டினத்துக் கட்டை அச்சுத்துணி, திருக்காளத்தி எழுதுதுணி, ஆலையில் திரை அச்சு முறையால் வெளிவரும் போலித்துணி ஆகிய மூன்றும் கலம்காரி என்ற ஒரே பெயரால் விற்கப்படுகின்றன.

திருக்காளத்திப் பகுதியின் தெலுங்கு வழக்கில் இதற்கு வ்ராதபனி என்றொரு பெயர் உண்டு. வ்ராத என்பது எழுத்து. பனி என்பது வேலை. அதாவது எழுத்துவேலை. அச்சுவேலையை அத்தகம் எனும் வேறு சொல்லால் குறிப்பர். தொழில் செய்வோர் இவ்வாறு தெளிவாகப் பிரித்து வைத்ததைப் பாரசீகப் பெயர் ஒன்றாக்கிவிட்டது.

தமிழிலும் இப்பிரிவுக்கு அடிப்படை உண்டு. ஓவியம் எழுதுதல், சித்திரம் எழுதுதல், மையெழுதுதல், தொய்யில் எழுதுதல் என வரும் தொடர்களில் எழுது என்னும் வினை, கோலால் வரைதல் அனைத்தையும் தழுவி நிற்கிறது. மூங்கில் அல்லது ஈச்சங்குச்சியின் நுனியைச் சீவி, நடுவில் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் இறுகக் கட்டி, சுற்றிய பகுதியில் சாயத்தைத் தேக்கி, விரலால் அழுத்தி நுனிக்கு ஒழுகச் செய்து துணியில் கோடிழுக்கும் செயலுக்கு எழுதுதல் என்பதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. ஆயினும் பெயர்ப்புகளில் ‘அச்சிட்ட கலம்காரி’, ‘கலம்காரி அச்சு’ என்பனவே மிகுதியாகக் காணப்படுகின்றன. ‘அச்சிட்ட பருத்தித்துணி’ எனும் ஆங்கிலப் பொதுத்தொடரை மூலத்துணியை நோக்காது பெயர்த்ததன் விளைவு இது.

சீட்டி என்ற தமிழ்ச் சொல்லின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. புள்ளி, தெறிப்பு எனும் பொருளுடைய வடஇந்தியச் சொல் ஒன்று தமிழில் சீட்டி என்றும் ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்றும் ஆயிற்று. ஆங்கிலத்தில் பன்மை ஈறு பெற்ற வடிவமே காலப்போக்கில் ஒருமையாகக் கொள்ளப்பட்டது. அதனினும் கருதத்தக்கது பொருட்சரிவு. பதினேழாம் நூற்றாண்டில் அரண்மனைப் படுக்கையறைகளை அணிசெய்த துணியின் பெயரிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மலிவானது, பகட்டானது எனும் பொருளுடைய பெயரடை பிறந்தது. நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் 1851இல் எழுதிய கடிதமொன்றில் அது இடம்பெறுகிறது. எழுதிய துணியை எந்திர அச்சு மலிவாகப் பின்பற்றியதும் பெயர் மதிப்பிழந்தது. கலம்காரி எனும் பெயருக்கும் அதே நிலை நேராதிருக்க வேண்டுமாயின் எழுத்தையும் அச்சையும் சொல்லளவிலேனும் பிரித்தாளுதல் வேண்டும்.

3. செய்முறைச் சொற்கள்: கடித்தலும் ஊன்றுதலும்

சோழமண்டலத் துணியின் செய்முறையை முதன்முதலாக ஐரோப்பியருக்கு விரித்துரைத்தவர்களுள் ஒருவர் காஸ்டன் லோரான் கேர்தூ எனும் இயேசு சபைத் துறவி (1691–1779). 1742இல் அவர் எழுதிய கடிதம் துணியை ஊறவைப்பது முதல் இறுதியாக அலசுவது வரை படிப்படியாக விளக்குகிறது. கடுக்காய் முதலிய பொருள்களை உள்நாட்டுப் பெயர்களாலேயே குறிக்கிறது. இதே கேர்தூதான் 1767இல், வில்லியம் ஜோன்ஸின் புகழ்பெற்ற 1786ஆம் ஆண்டு உரைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பிரெஞ்சுக் கழகத்துக்கு எழுதியனுப்பியவர். தெலுங்கு அகராதிப் பணியிலும் ஈடுபட்டவர். சாயத்தொழிலின் சொற்களும் மொழிகளின் உறவும் ஒரே மனிதரின் கவனத்தில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும், பொருளின் பெயரை அதனைக் கையாள்வோர் வாயிலிருந்தே கேட்டெழுதும் முறை இரண்டிலும் அவருக்குத் துணைநின்றது எனலாம். பிற்காலப் பெயர்ப்பாளர் பலர் கைவிட்ட முறையும் இதுவே.

திருக்காளத்தி முறையின் அடிப்படை பின்வருமாறு. பருத்தித் துணியைச் சாணநீரில் ஊறவைத்து வெயிலில் வெளுத்தபின், கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புச் சத்து சாயத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் முதல் வரைவு இடப்படும். இரும்புத் துண்டும் வெல்லமும் நீரிலிட்டுப் பல நாள் புளிக்க வைத்த காசிமி எனும் கரைசலால் கோடெழுதினால், அது துணியிலுள்ள துவர்ப்புச் சத்தோடு கூடிக் கருமையாகும். சிவப்பு வேண்டும் இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டிப் பின்னர்ச் சாயவேர் அல்லது மஞ்சிட்டியிட்ட நீரில் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவப்பை நிலையாக ஏற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையே ஓடும் நீரில் அலசுதல் இன்றியமையாதது. சுவர்ணமுகி ஆறு இத்தொழிலுக்கு வேண்டிய நீரை வழங்கியது.

படிகாரத்தின் செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் பிரெஞ்சு வழிச் சொல்லுக்குக் கடிப்பது என்பது நேர்ப்பொருள். உப்பு துணியைக் கடித்துப் பிடித்துச் சாயத்துக்கு இடம் கொடுக்கிறது என்பது அங்குள்ள கற்பனை. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் நிறமூன்றி என்பது அமைந்துள்ளது. ஊன்றுதல் நாற்றுக்கும் கொம்புக்கும் உரிய வினையாதலின், நிறம் துணியில் வேரூன்றுகிறது எனும் வேறொரு கற்பனை இங்கே இயங்குகிறது. மூலச்சொல்லின் உருவகத்தைப் பின்பற்றாது செயலின் பயனைப் பெயராக்கிய இது நல்ல ஆக்கம். சாயவேர் எனும் தமிழ்ச் சொல்லோ ஆங்கில வணிக ஏடுகளில் சாய் எனக் குறுகி, 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இடம்பெற்றது. நம் சொல் அவர்களிடம் சென்று தங்கிய எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

நீலம் ஏற்றுவதில் இரு முறைகளும் நேர் எதிரானவை. பழைய சோழமண்டல முறையில், நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரிச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு காத்த இடம் வெண்மையாக எஞ்சும். மாரிஸ் 1881இல் வாண்டில் ஆற்றங்கரையில் மெர்டன் அபி எனும் இடத்தில் அமைத்த பட்டறையில், துணி முழுவதையும் முதலில் நீலத்தில் தோய்த்து, பின்பு வெளுக்கும் பொருளைக் கட்டையால் ஒற்றி நீலத்தை எடுத்தனர். முன்னது காத்துவைத்தல்; பின்னது வெளுத்தெடுத்தல். இவ்விரண்டையும் ‘தடுப்பு அச்சு’ என்ற ஒரே தொடரால் பெயர்ப்பது பிழை. ஒன்றில் வெண்மை முதலிலிருந்தே இருப்பது. மற்றதில் அது இறுதியில் ஆக்கப்படுவது. கோலத்தின் பின்புலத்தைப் பற்றிய திறனாய்வு முழுவதும் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே அமையும்.

4. மறுவரவும் அந்தாதியும்

மாரிஸ் 1881 டிசம்பரில் இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் கோல வடிவமைப்புக் குறித்து ஓர் உரை நிகழ்த்தினார். அதன் சாரம் இதுவாகும்: கோலம் ஒரு பரப்பை நிரப்ப மீண்டும் மீண்டும் வரவேண்டும், அதற்கு ஒழுங்கான கட்டமைப்பு அடித்தளமாக வேண்டும், அக்கட்டமைப்பை மறைத்துச் செடி இயல்பாக வளர்வதுபோன்ற தோற்றமும் வேண்டும். கட்டையின் அளவே இச்சிந்தனைக்கு எல்லை. வலப்புறம் கட்டையை விட்டு வெளியேறும் தண்டு, அடுத்த ஒற்றில் இடப்புறமாக நுழைந்தாக வேண்டும். இவ்விணைப்பு கண்ணுக்குத் தெரியாமல் அமைவதிலேயே வடிவமைப்பாளனின் திறம் அடங்கியுள்ளது.

இதனை விளக்கத் தமிழ் யாப்பிலிருந்து ஒரு சொல் கைகொடுக்கிறது. ஓரடியின் ஈறு அடுத்த அடியின் முதலாவதும், நூலின் இறுதி அதன் தொடக்கத்தோடு சென்று இணைவதும் அந்தாதி. கட்டை அச்சின் கோலம் நான்கு பக்கத்தாலும் அந்தாதியாவது. மறுவரவு என்ற புதிய ஆக்கம் மீண்டும் வருதலை மட்டுமே சுட்டும். முடிவும் தொடக்கமும் ஒன்றோடொன்று பொருந்தும் நுட்பத்தைச் சுட்டாது. எனவே மறுவரவு என்பதைப் பொதுச்சொல்லாகவும், அந்தாதியிணைப்பு என்பதைக் கட்டை விளிம்புகளின் பொருத்தத்துக்குரிய சிறப்புச்சொல்லாகவும் கொள்ளலாம்.

மாரிஸின் துணிகளுள் மிகப் பரவலாக அறியப்பட்ட ‘ஸ்ட்ராபெரிக் கள்ளன்’ (1883) இதற்குத் தக்க சான்று. கெல்ம்ஸ்காட் இல்லத் தோட்டத்தில் பழம் கவர வந்த குருவிகளே அதன் கரு. நீல வெள்ளைப் பரப்பின்மேல் சிவப்பையும் மஞ்சளையும் சேர்க்கும் முறை முதன்முதலில் வெற்றி கண்டது இத்துணியில்தான். எதிரெதிராக அமைந்த குருவி இணைகள், இடையே வளைந்தேறும் கொடிகள், அடியில் பழக்கொத்துகள் என மூன்று அடுக்குகளைக் கொண்டது இக்கோலம். குருவிகள் அசைகின்றன எனக் கண் நம்பும். ஆயினும் அடுத்த கட்டத்தில் அதே குருவி, அதே பழத்தை, அதே கோணத்தில் கவ்வி நிற்கும். இயல்புத் தோற்றத்துக்கும் எந்திர ஒழுங்குக்கும் இடையிலான இவ்விழுப்பே அத்துணியின் அழகு. அதன் வரம்பும் அதுவே. பெயரிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்குத் திருடன் என்பதைவிடக் கள்ளன் என்பது பொருந்தும். வெண்ணெய் உண்டவனைச் செல்லமாகச் சுட்டப் பயின்ற சொல்லாதலின் மூலத்தின் பரிவைத் தாங்கும்.

எழுதுதுணியிலோ அந்தாதியிணைப்புக்கு இடமில்லை. கரையில் ஒரே கொடி நூறு முறை வளைந்தாலும் நூறும் தனித்தனியே எழுதப்படுபவை. மை தோய்ந்த கோலில் கோடு தடித்தும், மை குறையும்போது மெலிந்தும் வரும். ஒரு சொல் வடிவம் மாறாது மீண்டும் வந்து பொருள் வேறுபடுவது மடக்கு. எழுதிய கொடி அதற்கு மறுதலை: பொருள் மாறாது, வடிவம் சிறிதே வேறுபடும். இவ்வேறுபாட்டை ஒழுங்கின்மை எனக் குறித்த ஆங்கில மதிப்பீடுகள், கட்டையின் அளவுகோலால் கோலை அளந்தவை. பெயர்ப்பாளர் அதனைப் பிசகு எனவும் குறை எனவும் எழுதும்போது அளவுகோலின் பிழை தமிழிலும் குடியேறுகிறது.

5. ‘மரபான’ பூ

இச்சொல்வளத்தில் மிகுந்த தீங்கு விளைவித்த பெயர்ப்பு ஒன்று உண்டு. ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட ‘அணிகலையின் இலக்கணம்’ என்னும் நூலில், பூக்களை உள்ளவாறே வரையாமல் பரப்புக்கும் பயனுக்கும் ஏற்பச் சுருக்கி அணிவடிவமாக்கி அமைத்தல் வேண்டும் என்பது ஒரு விதி. அவ்வாறு அமைத்த பூவைக் குறிக்க அவர் ஆண்ட பெயரடை, பொதுவழக்கில் ‘மரபுவழிப்பட்ட’, ‘வழக்கமான’ எனும் பொருளது. கலைத்துறையில் அது ‘அணிவடிவமாக்கிய’ எனும் தனிப்பொருள் பெற்றது. இந்தியத் துணிகளே இவ்விதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் எனவும் அக்காலத்தார் கருதினர்.

அச்சொல்லை ‘மரபான’ எனப் பெயர்க்கும்போது புகழ்ச்சி தலைகீழாகிறது. சோழமண்டல ஓவியன் பூவை ஆராய்ந்து வேண்டாதவற்றை நீக்கி அணிவடிவமாக்கினான் என்பது மூலத்தின் கருத்து. முன்னோர் வரைந்ததையே அவனும் வரைந்தான் என்பது பெயர்ப்பின் கருத்து. சிந்தித்து எடுத்த முடிவு வழக்கமாகத் தாழ்கிறது. மாரிஸின் பூவுக்கு வடிவமைப்பு, திருக்காளத்திப் பூவுக்கு மரபு எனத் தமிழ்க் கட்டுரைகளிலும் காணப்படும் பாகுபாட்டின் வேர்களுள் இதுவும் ஒன்று. ‘அணிப்படுத்திய’ அல்லது ‘கோலப்படுத்திய’ என்பது இவ்விடர்ப்பாட்டை நீக்கும்.

மாரிஸின் 1876ஆம் ஆண்டுத் துணி ஒன்றின் பெயர், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பாம்புத்தலை. அதில் பாம்பு இல்லை. ஆங்கிலப் புல்வெளிகளில் பூக்கும், கட்டம்போட்ட இதழ்களையுடைய மலரின் பேச்சுவழக்குப் பெயர் அது. அத்துணியின் அடர்ந்த அமைப்பு இந்தியத் துணிகளின் சாயலுடையது என்பது ஆய்வாளர் முடிவு. பெயர்ப்பாளர் இங்கே ‘பாம்புத்தலைப்பூ’ என ஒரு சொல்லைக் கூட்டுவது கடமை.

கூட்டுவது கடமையாவதுபோலத் தவிர்ப்பது கடமையாகும் இடமும் உண்டு. சோழமண்டலத்திலிருந்து சென்ற படுக்கைவிரிப்புகளில் குன்றொன்றின்மேல் தனித்தெழும் பூமரத்தை ஆங்கில நூல்கள் விவிலிய மணமுள்ள தொடரால் சுட்டுகின்றன. ‘வாழ்வின் மரம்’ என அதனைப் பெயர்ப்பது, அம்மரத்துக்கு அதன் ஓவியர் அறியாத ஒரு சமயப்பொருளை ஏற்றுவதாகும். கற்பகத்தரு என்பது மறுபுறம் சாய்வது. ஏனெனில் அம்மரம் தூய உள்நாட்டு வடிவமும் அன்று. 1643இலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், சிவப்புப் பின்புலத்தைக் குறைத்து வெண்மையான பரப்பில் பூவும் கிளையும் அமையவேண்டும் என இந்தியாவிலிருந்த தம் முகவர்களுக்கு எழுதினர். வாங்குவோர் விருப்பமும் பாரசீக, சீனச் சாயல்களும் உள்நாட்டு ஓவியரின் கையும் கூடி விளைந்த மரம் அது. ‘பூமரம்’ எனும் எளிய சொல்லே அதற்குப் போதும்.

ஒப்பீட்டிலும் எச்சரிக்கை தேவை. மாரிஸின் துணியை இன்றைய திருக்காளத்தித் துணியோடு நேரே ஒப்பிடுதல் முறையன்று. திருக்காளத்தியில் புராணக் கதைக்காட்சிகளே முதன்மை. கொடியும் பூவும் கரையிலும், உருவங்களின் இடைவெளியிலும் நிற்பவை. மாரிஸின் கோலத்துக்கு உண்மையான முன்னோர், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கடல்கடந்த பூந்துணிகளே. அவற்றின் வரவைத் தடுக்கப் பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1720ஆம் ஆண்டுகளிலும் சட்டம் இயற்ற நேர்ந்தது. அத்தடைகளின் நிழலில் வளர்ந்த ஐரோப்பிய அச்சுத்தொழிலே மாரிஸின் கைக்கு வந்து சேர்ந்தது.

6. கைவினைஞர் பெயர்

மாரிஸ் 1879இல் நிகழ்த்திய ‘மக்களின் கலை’ எனும் உரையில், ஆங்கில வணிகமும் ஆட்சியும் இந்தியக் கைத்தொழில்களை அழிப்பதைக் கண்டித்தார். அக்கண்டனம் நேர்மையானது. ஆயினும் அவர் எழுத்தில் இந்தியக் கைவினைஞன் பெயரற்றவனாகவே நிற்கிறான். கொழும்பில் 1877இல் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி இச்சிந்தனையைக் கீழைநாட்டுக்குக் கொணர்ந்தார். 1908இல் வெளிவந்த அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ எனும் நூல், மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்துக்குரிய பொறியிலேயே அச்சானது. பெயர் பொறியாமையைக் கைவினைஞனின் பெருமையாகவே அவர் விளக்கினார்.

இன்றைய நிலை வேறு. விடுதலைக்குப் பின் திருக்காளத்தியில் பயிற்சி மையம் அமைந்து இக்கலை மீட்டெடுக்கப்பட்டது. அம்மரபில் வந்த ஜொன்னலகட்டா குரப்பச் செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திருக்காளத்திக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் புவிசார் குறியீடு தனித்தனியே வழங்கப்பட்டுள்ளது. கும்பகோணத்தையடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொம்பை, தோரணம் முதலிய கோயில் துணிகளை எழுதும் கருப்பூர்க் கலம்காரிக்கும் அக்குறியீடு 2021இல் கிட்டியது. சட்டம் பிரித்து வைத்ததை மொழி சேர்த்து வைத்தால் சட்டத்தின் பயன் கடைத்தெருவை எட்டாது. பல வாரம் எழுதிய துணியும் சில நிமிடத்தில் ஆலை கக்கிய துணியும் ஒரே பெயரில் அடுத்தடுத்துத் தொங்கும்போது, விலையில் தோற்பது எழுதிய துணியே.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: கலம்காரி என்பதோடு ‘எழுதுதுணி’, ‘அச்சுத்துணி’ எனும் அடைகளை இடமறிந்து சேர்த்தல் வேண்டும், காத்துவைத்தலும் வெளுத்தெடுத்தலும் வேறெனக் காட்டுதல் வேண்டும், கட்டைக் கோலத்துக்குரிய மறுவரவை எழுதிய கோலத்துக்கு அளவுகோலாக்குதல் கூடாது, அணிப்படுத்திய பூவை மரபான பூ எனப் பெயர்த்தல் கூடாது.

இவை எவையும் புதுச்சொற்களைக் குவிப்பதற்கான பரிந்துரைகள் அல்ல. எழுது, ஊன்று, அந்தாதி, பூமரம் ஆகியன தமிழில் முன்பே உள்ளவை. வ்ராதபனி அண்டை மொழியில் உள்ளது. மாரிஸின் சொற்கள் அவர்தம் பட்டறையில் கட்டையைக் கையாண்டு பெற்ற அனுபவத்திலிருந்து பிறந்தமையாலேயே அத்துணிகளுக்கு அவ்வளவு நுட்பமாகப் பொருந்துகின்றன. எழுதுகோல் பிடித்த கையின் அனுபவத்துக்கும் அதே உரிமை உண்டு. சத்தியவேட்டுப் பகுதி போன்ற இருமொழிக் களங்களில் சாயத்தொழிற் சொற்களை இரு மொழியிலும் முறையாகத் தொகுப்பதே இத்துறையில் மொழியியலார் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.